எட்டு எழுத்துக் கோப்புறை: லினக்ஸில் உலாவி ப்ரொஃபைல் கடந்து வந்த பாதை

லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் ஒருமுறை உங்கள் ஹோம் கோப்புறையைத் திறந்து, மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான கணினிகளில் '.மொஸில்லா' என்று ஒன்று இருக்கும். அதற்குள் 'ஃபயர்ஃபாக்ஸ்'. அதற்குள் பூனை கீபோர்டில் நடந்துபோன மாதிரி எட்டு எழுத்தில் ஒரு பெயர், ஒரு புள்ளி, அதன்பின் 'டீஃபால்ட்' என்றோ 'டீஃபால்ட்-ரிலீஸ்' என்றோ ஒரு வால். இதுதான் ப்ரொஃபைல். (கோப்புப் பெயர்களை இந்தக் கட்டுரையில் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

புக்மார்க், கடவுச்சொல், குக்கி, பார்த்த பக்கங்களின் வரலாறு, நீட்சிகள், நேற்று ராத்திரி திறந்தபடி விட்ட முப்பது டேப்கள், எல்லாம் அந்த ஒரு கோப்புறைக்குள்தான். என்னைப் போல வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் பழைய கெஜட்டியர், கல்வெட்டு ஆண்டறிக்கை என்று தேடித் திரிகிறவனுக்கு அதுதான் வாசிப்பின் அட்டவணை. எந்த நூலகத்தின் ஸ்கேன் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது என் மண்டையில் இல்லை, அங்கேதான் இருக்கிறது. உலாவி போனால் ஐந்து நிமிடத்தில் இன்னொன்றை இறக்கிவிடலாம். இது போனால் பதினைந்து வருஷத் தேடல் போச்சு.

வருஷத்துக்கு இரண்டு மூன்று முறையாவது யாராவது கூப்பிடுவார்கள். "சார், அப்டேட் போட்டேன், எல்லாம் போச்சு சார்." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் போயிருக்காது. உலாவி வேறொரு கோப்புறையைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் 'பெரும்பாலும்' என்றுதான் சொல்ல முடிகிறது. எப்போது பயப்பட வேண்டாம், எப்போது கட்டாயம் பயப்பட வேண்டும் என்று புரிந்துகொள்ள இதன் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டினேன். முப்பது வருஷத்தில் ப்ரொஃபைலுக்கு மூன்று விதமான மாற்றங்கள் நடந்திருக்கின்றன. முதலாவது முகவரி மாற்றம். இரண்டாவது எழுத்து மாற்றம், அதாவது உள்ளே எழுதிவைக்கும் முறை மாறுவது. மூன்றாவது உரிமை மாற்றம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

நெட்ஸ்கேப் விட்டுப்போன சொத்து

1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 1.0 வந்தது. யூனிக்ஸ் கணினிகளில் அதன் பிந்தைய பதிப்புகள் தம் சாமான்களை ஹோமுக்குள் '.நெட்ஸ்கேப்' என்ற கோப்புறையில் வைத்தன. புள்ளியில் தொடங்கும் பெயர் கண்ணில் படாது என்பது யூனிக்ஸ் வழக்கம். அந்த வழக்கமே ஒரு விபத்து என்று பெல் லேப்ஸ்காரரான ராப் பைக் எழுதியிருக்கிறார். கோப்புப் பட்டியல் காட்டும் 'எல்எஸ்' கட்டளையில், இப்போதைய கோப்புறையைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியையும் மேல் கோப்புறையைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியையும் விலக்கக் குறுக்குவழியாக ஒரு சோதனை எழுதினார்கள். முதல் எழுத்து புள்ளியா, காட்டாதே. அதன் பக்கவிளைவாகப் புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்புகளும் மறைந்துபோயின. பிறகு வந்த நிரல்கள் அத்தனையும் அந்த மறைவில் குடியேறின.

விண்டோஸிலும் மேக்கிலும் அந்தக் காலத்தில் ஒரே கணினியை வீட்டில் நாலு பேர் ஒரே கணக்கில் பயன்படுத்துவார்கள். அதனால் நெட்ஸ்கேப் 4 அங்கே ஆளுக்கொரு ப்ரொஃபைல் என்று பிரித்தது. யூனிக்ஸில் அதற்குத் தேவையே இல்லை. ஆளுக்கொரு கணக்கு ஏற்கெனவே இருந்தது, ஆளுக்கொரு ஹோம் இருந்தது. ஒரு ஆள், ஒரு ஹோம், ஒரு உலாவி. இந்தக் கணக்குதான் பின்னால் பல இடங்களில் இடித்தது.

அந்தக் கோப்புறையில் இருந்தவற்றில் பாதி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரே ப்ரொஃபைலை இரண்டு உலாவி ஒரே நேரத்தில் திறந்துவிடாமல் இருக்க 'லாக்' என்ற பெயரில் ஒரு இணைப்பை நெட்ஸ்கேப் உருவாக்கும். அது எந்தக் கோப்பையும் சுட்டாது. கணினியின் ஐபி எண்ணையும் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் எண்ணையும் சேர்த்து ஒரு போலி முகவரியாக வைத்திருக்கும். இன்று ஃபயர்ஃபாக்ஸ் ஓடும்போது உங்கள் ப்ரொஃபைலுக்குள் பாருங்கள், அதே 'லாக்' அதே பாணியில் இருக்கும். உலாவியிலிருந்து புக்மார்க்கை எச்டிஎம்எல்லாக ஏற்றுமதி செய்தால் முதல் வரியில் நெட்ஸ்கேப்பின் பெயர்தான் வரும். கர்ல், டபிள்யூகெட் கருவிகள் படிக்கும் குக்கிக் கோப்பின் வடிவமும் நெட்ஸ்கேப்புடையதே. கம்பெனி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அதன் கோப்பு வடிவங்கள் நம் வீட்டில் குடியிருக்கின்றன.

எட்டு எழுத்து எதற்கு

1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப் தன் மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்து மொஸில்லா வளர்ந்து 2002 ஜூனில் 1.0 ஆனது. ப்ரொஃபைல் மேலாளர் அப்போதுதான் லினக்ஸுக்கும் வந்தது. ஹோமில் '.மொஸில்லா', அதற்குள் ப்ரொஃபைலின் பெயர், அதற்குள் எட்டு எழுத்துக் குளறுபடியும் 'எஸ்எல்டி' என்ற வாலும். 'சால்ட்' என்பதன் சுருக்கம் அது. கடவுச்சொல்லைக் குறியாக்கும்போது உப்பு சேர்ப்பது என்று சொல்வார்களே, அதே உப்பு.

காரணம் பாதுகாப்பு. உங்கள் கோப்புறை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தால், உலாவியில் ஏதாவது ஓட்டை கிடைக்கும் நாளில் ஒரு வில்லங்கமான தளம் உங்கள் குக்கிக் கோப்பையோ புக்மார்க் கோப்பையோ நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். நடுவில் யாராலும் ஊகிக்க முடியாத எட்டு எழுத்து இருந்தால் அந்த வழி அடைபடும். 26 எழுத்தும் 10 இலக்கமும் எட்டு இடத்தில் என்றால் சுமார் 2.8 லட்சம் கோடி சாத்தியங்கள். வீட்டுக் கதவெண்ணைச் சொல்லாமல் தெருப் பெயரை மட்டும் சொல்வது மாதிரி.

ஆனால் யாராலும் ஊகிக்க முடியாத முகவரியை உலாவியாவது ஞாபகம் வைத்திருக்க வேண்டுமே. ஃபயர்ஃபாக்ஸ் அதற்காக எட்டு எழுத்துக் கோப்புறைக்கு வெளியே, அதன் பக்கத்திலேயே 'ப்ரொஃபைல்ஸ்.ஐஎன்ஐ' என்று ஒரு சின்ன உரைக்கோப்பு வைத்திருக்கிறது. எந்தக் கோப்புறை யாருடையது, எதை முதலில் திறக்க வேண்டும் என்ற பதிவேடு அது. பதிவேட்டில் ஒரு வரி மாறினால் கோப்புறை அப்படியே இருக்கும், உலாவி மட்டும் அதைக் கண்டுகொள்ளாது. 'எல்லாம் போச்சு' அழைப்புகளில் கணிசமானவை இந்தச் சின்னக் கோப்பில் வந்து முடியும்.

பெயர் மாறியது, வீடு மாறியது

2002 செப்டம்பரில் ஃபீனிக்ஸ் 0.1 வந்தது. மொஸில்லாவின் கனமான தொகுப்பிலிருந்து உலாவியை மட்டும் பிரித்தெடுத்த சோதனை. லினக்ஸில் அதன் கோப்புறை '.ஃபீனிக்ஸ்'. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பயாஸ் கம்பெனி இருந்ததால் 2003இல் ஃபயர்பேர்ட் என்று மாற்றினார்கள். அந்தப் பெயரில் ஒரு டேட்டாபேஸ் திட்டம் இருந்தது, அவர்களும் கோபித்துக்கொண்டார்கள். 2004 பிப்ரவரியில் 0.8ஆம் பதிப்போடு ஃபயர்ஃபாக்ஸ் ஆனது. உலாவிக்கு மூன்று பெயர் மாறியும் கோப்புறை '.ஃபீனிக்ஸ்' என்றே இருந்தது. 2004 ஜூனில் வந்த 0.9தான் வீட்டை '.மொஸில்லா/ஃபயர்ஃபாக்ஸ்' என்று மாற்றி, பழைய வீட்டுச் சாமான்களைத் தானே எடுத்துக்கொண்டு வந்தது. அதே நவம்பரில் 1.0.

இதற்கு நேர் எதிரான சம்பவம் டெபியனில். 2006இல் வணிகச்சின்ன விதிகள் பற்றிய தகராறில் டெபியன் ஃபயர்ஃபாக்ஸின் பெயரை ஐஸ்வீசல் என்று மாற்றியது. 2016 வரை பத்து வருஷம் அந்தப் பெயர் இருந்தது. பெயர் வேறு, படம் வேறு. ஆனால் ப்ரொஃபைல் மட்டும் அதே '.மொஸில்லா/ஃபயர்ஃபாக்ஸ்' கோப்புறையில் இருந்தது. போகும்போதும் திரும்பும்போதும் பயனருக்கு ஒரு புக்மார்க்கூடக் குறையவில்லை. பலகையை மாற்றலாம், வீட்டை மாற்றாதே என்ற புத்தி அந்தத் தகராறிலும் இருந்திருக்கிறது.

டெபியன் பாணி பொதிகளில் இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. பொதி மேலாளர் ஹோமுக்குள் கை வைக்காது. உலாவியை நீக்கினாலும் சரி, 'பர்ஜ்' போட்டு வேரோடு பிடுங்கினாலும் சரி, '.மொஸில்லா' அப்படியே இருக்கும். நிரல் டிஸ்ட்ரோவுடையது, ஹோம் உன்னுடையது. யாரும் பெரிதாக எழுதிப் பேசாத இந்த எல்லைக்கோடுதான் லினக்ஸ் பயனரை இத்தனை வருஷம் காப்பாற்றியது.

எழுத்து மாறிய கதை

இதுவரை பார்த்தது முகவரி. கோப்பு எங்கோ பத்திரமாக இருக்கும், தேடி எடுத்துவிடலாம். எழுத்து மாறுவது அப்படியில்லை. அது ஒருவழிப் பாதை.

பழைய நாளில் புக்மார்க் என்பது 'புக்மார்க்ஸ்.எச்டிஎம்எல்' என்ற சாதாரண உரைக்கோப்பு. எதில் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். பார்த்த பக்கங்களின் வரலாறு மட்டும் 'மோர்க்' என்ற விசித்திர வடிவத்தில் இருந்தது. பெயருக்கு உரைக்கோப்பு, மனுஷன் படிக்க முடியாது. நெட்ஸ்கேப்பின் ஆரம்பகால ஆளான ஜேமி ஸவின்ஸ்கி அதைப் படிக்க ஒரு பெர்ல் நிரல் எழுதி, எழுதும்போதே அந்த வடிவத்தைக் கண்டபடி திட்டி வைத்திருக்கிறார்.

2008 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்தபோது புக்மார்க்கும் வரலாறும் சேர்ந்து 'பிளேசஸ்.எஸ்க்யூலைட்' என்ற ஒரே டேட்டாபேஸ் கோப்புக்குப் போயின. பயனுள்ள மாற்றம், மறுப்பதற்கில்லை. முகவரிப் பட்டையில் நாலு எழுத்து தட்டினால் போன மாசம் பார்த்த பக்கம் வருவதெல்லாம் இதன் வரம்தான். ஆனால் லினக்ஸ்காரர்களுக்கு இதோடு ஒரு விசேஷத் தலைவலியும் வந்தது. எஸ்க்யூலைட் ஒவ்வொரு பதிவையும் வட்டில் உண்மையாகவே எழுதியாகிவிட்டதா என்று உறுதிசெய்ய 'எஃப்சிங்க்' என்ற அழைப்பை விடும். அன்று பரவலாக இருந்த இஎக்ஸ்டி3 கோப்பு முறைமையில் அந்த அழைப்பு உலாவியின் கோப்பை மட்டும் எழுதி முடிக்காது, வட்டுக்குப் போகக் காத்திருக்கும் மற்றவர்களின் தரவையும் சேர்த்து எழுதி முடித்துவிட்டுத்தான் திரும்பும். பின்னணியில் பெரிய கோப்பு ஒன்று நகலாகிக்கொண்டிருந்தால் உலாவி வினாடிக்கணக்கில் உறைந்து நிற்கும். சோதனைப் பதிப்புகளில் இது பெரிய பேச்சானது. கடைசியில் எழுதும் தடவைகளைக் குறைத்துச் சமாளித்தார்கள்.

கடவுச்சொல் பக்கமும் இதே கதை. 2014இல் 32ஆம் பதிப்பில் கடவுச்சொற்கள் 'லாகின்ஸ்.ஜேசன்' கோப்புக்கு வந்தன. அவற்றைத் திறக்கும் சாவி 2018இல் 58ஆம் பதிப்பில் 'கீ3.டிபி'யிலிருந்து 'கீ4.டிபி'க்கு மாறியது. ஒன்று பூட்டு, ஒன்று சாவி. ஒன்றை மட்டும் நகல் எடுத்து வைத்திருப்பவரிடம் இரண்டுமே இல்லை.

புதிய பதிப்பு பழைய வடிவத்தைப் படித்துப் புதியதாக மாற்றத் தெரிந்ததாக இருக்கும். பழைய பதிப்புக்குப் புதிய வடிவம் தெரியாது, தெரிய வாய்ப்பும் இல்லை. 2011க்கு முன் வருஷத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வந்தாலே அதிசயம். அந்த வருஷம் ஃபயர்ஃபாக்ஸ் 5இலிருந்து ஆறு வாரத்துக்கு ஒன்று என்றானது. 2020இல் நாலு வாரம். நிறுவனங்களுக்காக 2012இல் இஎஸ்ஆர் என்ற நீண்டகாலப் பதிப்பும் தொடங்கியது. டெபியனின் நிலையான வெளியீட்டில் வருவது அதுதான். இப்போது யோசித்துப் பாருங்கள். டெபியன்காரர் ஒருவர் புதிய பதிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க டார் கோப்பை இறக்கி, 'ஆப்ட்' கோப்புறையில் விரித்து, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி இஎஸ்ஆருக்குத் திரும்புகிறார். ஒரு ஆள், ஒரு ஹோம், ஒரு உலாவி என்ற பழைய கணக்குப்படி இரண்டும் ஒரே ப்ரொஃபைலைத்தான் திறக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் டேட்டாபேஸ் முன்னோக்கி மாறியிருந்தால் பழையது திணறும். 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பு பழைய வகை நீட்சிகளை மொத்தமாகக் கைவிட்டபோது, பலர் நீட்சிகளுக்காக 52 இஎஸ்ஆருக்குத் திரும்ப நினைத்தார்கள். முன்னும் பின்னும் போகிற ஆசை அன்று உச்சத்தில் இருந்தது.

2019: பூட்டு போட்ட வருஷம்

2019 மே மாதம் வந்த 67ஆம் பதிப்பில் மொஸில்லா இரண்டு காரியம் செய்தது. ஒன்று, பின்னோக்கிப் போகத் தடை. ப்ரொஃபைலுக்குள் 'கம்பாட்டிபிலிட்டி.ஐஎன்ஐ' என்ற கோப்பில் கடைசியாக அதைத் திறந்த பதிப்பு எது என்று குறித்திருக்கும். அதைவிடப் பழைய உலாவி வந்து கதவைத் தட்டினால், 'இது புதிய பதிப்பில் பயன்பட்டது, வேறு ப்ரொஃபைல் உருவாக்கிக்கொள், இல்லையென்றால் வெளியே போ' என்கிற மாதிரி ஒரு செய்தி வரும். மீறித் திறக்க கட்டளையில் ஒரு கொடி உண்டு. நகல் கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

இரண்டு, நிறுவலுக்கொரு ப்ரொஃபைல். உலாவி எந்தப் பாதையில் நிறுவப்பட்டிருக்கிறது என்பதை ஒரு எண்ணாகச் சுருக்கி, அந்த எண்ணுக்கு இந்த ப்ரொஃபைல் என்று பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். 'டீஃபால்ட்-ரிலீஸ்' என்ற வால் அப்போதுதான் பிறந்தது. மேலே சொன்ன டெபியன்காரருக்கு இது பெரிய பாதுகாப்பு. 'ஆப்ட்' கோப்புறையில் விரித்த உலாவி தனக்கென்று தனி ப்ரொஃபைல் திறந்துகொள்ளும், பழையது தொடப்படாது. ஆனால் அதே காரணத்தால், நிறுவும் இடத்தை மாற்றினாலே காலி உலாவி முகத்தில் முழிக்கும். கோப்பு பத்திரம், மனுஷன் பதறுகிறான். நான் கேட்டால் இது நல்ல பேரம்தான் என்பேன். பதற்றம் பத்து நிமிடத்தில் போய்விடும், கெட்டுப்போன டேட்டாபேஸ் திரும்பாது.

நிறுவும் பாதை மாறாது என்ற நம்பிக்கை எல்லா இடத்திலும் செல்லாது என்பதுதான் சுவாரசியம். நிக்ஸ்ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோவில் ஒவ்வொரு பதிப்பும் தனித்தனிப் பாதையில்தான் உட்காரும், அதுதான் அதன் அடிப்படைத் தத்துவம். அப்படியானால் ஒவ்வொரு அப்டேட்டிலும் காலி ப்ரொஃபைல் வரவேண்டும். அதனால் 'மாஸ்_லெகசி_ப்ரொஃபைல்ஸ்' என்ற சூழல் மாறியை வைத்து இந்த வசதியையே அணைத்துவிடுகிறார்கள். ஸ்நாப் பொதியின் பாதையிலும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு எண் மாறும். ஸ்நாப்புக்குள் ஓடுகிறோம் என்று தெரிந்தால் ஃபயர்ஃபாக்ஸ் தானே பழைய முறைக்குப் போய்விடும்.

வீடு யாருடையது

உபுண்டு 21.10இல், அதாவது 2021 அக்டோபரில், ஃபயர்ஃபாக்ஸின் இயல்பு வடிவம் ஸ்நாப் ஆனது. 2022 ஏப்ரலில் வந்த 22.04இல் பழைய டெப் பொதி வெறும் வழிகாட்டிப் பலகையாக மாறி, ஸ்நாப்பை நிறுவி வைத்தது. ஸ்நாப் நிரல்கள் ஹோமின் மறைந்த கோப்புறைகளுக்குள் இஷ்டத்துக்குப் போக முடியாது. எனவே ப்ரொஃபைலுக்குப் புது முகவரி: 'ஸ்நாப்/ஃபயர்ஃபாக்ஸ்/காமன்' என்று போய், அதற்குள் மறுபடி '.மொஸில்லா/ஃபயர்ஃபாக்ஸ்'. முதல் முறை திறக்கும்போது பழைய ப்ரொஃபைலைப் படித்து நகல் எடுத்துக்கொள்ளும்.

நகல் என்பதைக் கவனியுங்கள். பழையது '.மொஸில்லா'வில் அன்றைய தேதியோடு உறைந்து நிற்கும், புதியது ஸ்நாப்புக்குள் வளரும். இரண்டு வருஷம் கழித்து ஒருவர் மொஸில்லாவின் சொந்த ஏபிடி களஞ்சியத்திலிருந்து (2024 ஜனவரியிலிருந்து நிலையான பதிப்பும் அதில் கிடைக்கிறது) டெப் பொதியை நிறுவினால், அது '.மொஸில்லா'வைத்தான் திறக்கும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய புக்மார்க்குகள் பல்லைக் காட்டும். அது இன்னும் ஆபத்தில்லை, முகவரி மாற்றம்தான்.

அடுத்து அவர் செய்யப்போவதுதான் ஆபத்து. 'இனிமேல் ஸ்நாப் எதற்கு' என்று அதை நீக்குவார். டெப் பொதியை நீக்கினால் ஹோமில் கை வைக்காது என்று பார்த்தோம். ஸ்நாப்பை நீக்கினால் அதன் கோப்புறையும் சேர்ந்து போகும், ப்ரொஃபைல் உட்பட. போகுமுன் தானாக ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்து வைக்கும், இயல்பாக அது 31 நாள் இருக்கும். 'பர்ஜ்' சேர்த்துச் சொன்னால் அதுவும் எடுக்காது. டெபியன் பழக்கத்தில் வளர்ந்த கை 'பர்ஜ்' என்று தட்டத் தயங்காது, ஏனென்றால் அங்கே அது பிராணனை வாங்காது. இங்கே வாங்கும். ஃபிளாட்பேக் வழி நடுவில் நிற்கிறது. ஹோமில் '.வார்/ஆப்' என்ற இடத்தில் தரவை வைக்கும், நீக்கும்போது தரவையும் அழி என்று தனியாகச் சொன்னால் மட்டும் அழிக்கும்.

இதைத்தான் உரிமை மாற்றம் என்கிறேன். முப்பது வருஷமாக ப்ரொஃபைல் ஹோமின் பகுதி, ஆளுக்குச் சொந்தம். புதிய முறையில் அது நிரலின் பகுதி, நிரலோடு வந்து நிரலோடு போவது. கைப்பேசியில் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. செயலியை நீக்கினால் தரவும் போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்த நியாயம். பாதுகாப்புக்கு இது நல்லது என்று வாதிடவும் காரணங்கள் உண்டு, ஒரு நிரல் இன்னொன்றின் கோப்புகளை மேய முடியாது. ஆனால் நியாயம் மாறியிருக்கிறது என்று யாரும் நம்மைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

குரோம் பக்கமும் ஒரு எட்டு பார்த்துவிடலாம். லினக்ஸில் அது '.கான்ஃபிக்/கூகுள்-குரோம்' கோப்புறையில் வைக்கும், பீட்டா பதிப்புக்குத் தனிக் கோப்புறை. இரண்டும் மோதிக்கொள்ளும் சிக்கல் அங்கே வராது. பூட்டு மட்டும் நெட்ஸ்கேப் பாணிதான், கணினிப் பெயரும் நிரல் எண்ணும் சேர்ந்த ஒரு இணைப்பு. குரோம் ஒழுங்காக மூடப்படாமல் அந்த இணைப்பு மிச்சமிருந்து, கணினிப் பெயரையும் மாற்றியிருந்தால் 'வேறொரு கணினி பயன்படுத்துகிறது' என்று அடம்பிடிக்கும். கடவுச்சொற்களைத் திறக்கும் சாவியை டெஸ்க்டாப்பின் கீரிங்கில் வைப்பதால், கோப்புறையை மட்டும் புதிய கணினிக்கு நகல் எடுத்தால் கடவுச்சொற்கள் கூட வராது.

ஹோமுக்குள் ஆளாளுக்குப் புள்ளிக் கோப்புறை போடாமல் '.கான்ஃபிக்' போன்ற பொது இடங்களில் வையுங்கள் என்று ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பு எக்ஸ்டிஜி என்ற விதியை வகுத்தது. ஃபயர்ஃபாக்ஸும் அதைப் பின்பற்ற வேண்டும் என்ற கோரிக்கை 2004இல் பதிவானது. நிறைவேறியது 2026 ஜனவரியில், 147ஆம் பதிப்பில். இருபத்தொரு வருஷம்! சோம்பேறித்தனம் என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏற்கெனவே '.மொஸில்லா' இருக்கிறவர்களுக்கு அதையே திறக்கும், புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் புது இடம் என்றுதான் செய்திருக்கிறார்கள். குடியிருப்பவரைக் கிளப்பாமல் தெருவை மாற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை.

கைமருந்து

வரலாற்றிலிருந்து கிடைக்கும் நடைமுறை இதுதான்.

1. அப்கிரேடுக்கு முன் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். முகவரிப் பட்டையில் 'அபவுட்:ப்ரொஃபைல்ஸ்' என்று போட்டால் எந்தக் கோப்புறை பயன்பாட்டில் இருக்கிறது என்று முழுப் பாதையோடு காட்டும். ஒரு காகிதத்தில் எழுதினாலும் போதும்.

2. உலாவியை முழுதாக மூடிவிட்டு, 'ஃபயர்ஃபாக்ஸ்' கோப்புறை முழுவதையும் நகல் எடுங்கள். எட்டு எழுத்துக் கோப்புறையை மட்டும் எடுத்தால் பதிவேடு விட்டுப்போகும். ஓடும்போது நகல் எடுத்தால், கடைசியாகச் செய்த மாற்றங்கள் 'வால்' என்று முடியும் பக்கக் கோப்பில் நின்றுவிட்டு, நகலில் பாதி வந்து பாதி வராமல் போகலாம்.

3. காலி உலாவி வந்தால் உடனே புக்மார்க் சேர்க்கத் தொடங்காதீர்கள், எதையும் நீக்காதீர்கள். '.மொஸில்லா', ஸ்நாப், '.வார்/ஆப்', '.கான்ஃபிக்' நான்கிலும் 'பிளேசஸ்.எஸ்க்யூலைட்' என்ற கோப்பைத் தேடுங்கள். பெரியதாகவும் தேதி புதியதாகவும் இருப்பதுதான் உங்களுடையது. 'அபவுட்:ப்ரொஃபைல்ஸ்' பக்கத்தில் புதிய ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கி, உலாவியை மூடி, பழையதன் உள்ளடக்கத்தை அதற்குள் போட்டால் வேலை முடிந்தது.

4. பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டுமானால் பழைய நகலோடு திரும்புங்கள். புதிய பதிப்பு தொட்ட ப்ரொஃபைலோடு வேண்டாம்.

5. ஸ்நாப்பை நீக்கும் முன் இரண்டாவது படியை மறுபடி செய்யுங்கள்.

சிங்க் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். சிங்க் என்பது ஒத்திசைவு. இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் ஒழுங்காக அழிக்கும். அது நகல் ஆகாது.

என் கணினியில் இன்று ஓடும் ப்ரொஃபைல் நான்கு மடிக்கணினி மாறி வந்தது. அதன் எட்டு எழுத்தில் ஒரு அர்த்தமும் கிடையாது, ஆனாலும் எனக்கு அது மனப்பாடம். உள்ளே இருக்கும் புக்மார்க்குகளில் பாதிக்குமேல் செத்துப்போன தளங்கள். அழிக்க மனம் வரவில்லை. அந்தப் பக்கம் போயிருக்கலாம், ஆனால் 2011இல் ஒரு நாள் நான் அங்கே எதைத் தேடிப் போனேன் என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே சான்று அந்த வரிதான். அடுத்த அப்டேட்டுக்கு முன் உங்களுடையதையும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஐந்து நிமிஷ வேலை.